மைக்கேல் பரடே அடைந்த பழியும் அளித்த விடையும்

மின்சார இயந்திரங்களுக்கு மூலமான உண்மைகளைக் கண்ட மைக்கேல் பரடேயின் பெயரை மாணாக்கர் அறிவர். அவர் கண்டவற்றை யாம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். அவர் பட்டவற்றைக் கற்பிப்பதில்லை. யாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து ஆங்கில வாசகத்திலும், ஏழைச் சிறுவரொருவர் பேரறிஞரானார் என்ற அளவிலே அவர் சரித்திரம் முடிந்தது. அவர்மேற் களவுப்பழி சுமத்தப்பட்டதைப் பல்லாண்டு கழிந்த பின்னரே அறிந்தோம்.

பரடே 1791-ம் ஆண்டு செப்டெம்பர் 22-ந் தேதி இலண்டனுக்கு அயலிலே கொல்லரொருவருக்குப் புதல்வராய்ப் பிறந்தார். புத்தகங் கட்டும் தொழில் பயின்று, கட்டவந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றார். சேர் ஹம்பிறி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெழுதி, அதனைப் புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். 1813-ல் இராயல் இன்ஸ்டிடியூஷனிலே டேவியின் உதவியாளரானார். அவ்வாண்டே டேவி ஐரோப்பிய யாத்திரை புறப்பட, ஏவலாளன் வர மறுத்தமையால் அவ்வேலையும் பரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். வீடு திரும்பிவிடலாமோ என்றும் அவர் எண்ணினார். ஆயினும் குருவின் அருகிருந்து கற்பதை விட மனமின்றி 1815 வரை உடனிருந்தார்.

பெரும்பழி 1821-ல் வந்தது. மின்னோட்டமுள்ள கம்பி காந்தத்தைச் சுற்றி ஓயாது சுழலுமாறு செய்துகாட்டி, அதனை விரைந்து அச்சிட்டார். அதற்குமுன் வொலஸ்ரன் என்னும் மூத்த அறிஞர், டேவியோடு கூடி, கம்பியைத் தன் அச்சிலே சுழலச்செய்ய முயன்று பயன் காணாதிருந்தார். பரடேயின் கட்டுரையிலே வொலஸ்ரன் பெயர் இல்லை. பிறர் கருத்தைக் கவர்ந்தார் என்ற பேச்சு அறிஞர் நடுவே பரவிற்று.

உண்மையில், பெயரைக் குறிக்க அனுமதி வேண்டி வொலஸ்ரனைக் காணச் சென்றிருந்தார். அவர் ஊரில் இல்லை. திரும்பும்வரை காத்திராமை பிழையேயாம். பரடேயும் அதனைப் பிழையென்றே கொண்டார். ஆயினும் அவர் தம்மைத் தூற்றினோரோடு வாதாடப் புகவில்லை. எவருக்குத் தீங்கு செய்தாரெனப்பட்டதோ அவருக்கே நேராகக் கடிதமெழுதி, நேரிற் கண்டு பேச விரும்பினார். வொலஸ்ரன் அதனைப் பெரிதுபடுத்தாது, பின்னர்ப் பரிசோதனைகளையும் வந்து பார்த்தார். 1823-ல் பரடே நிகழ்ந்தவற்றை முறையாக எழுதி வெளியிட்டார்.

அவ்வாண்டிலே அவரை இராயல் சங்கத்து அங்கத்தவராக்க நண்பர் விண்ணப்பித்தனர். அதிற் கையொப்பமிட்டோருள் வொலஸ்ரனும் ஒருவர்! எதிர்த்தவரோ சங்கத் தலைவராயிருந்த டேவி. விண்ணப்பத்தை மீட்டுக்கொள்ளும்படி டேவி கூற, அதனை இட்டவர் தாம் அல்லராதலால் எடுக்கவும் இயலாதென்று பரடே அமைதியாக மறுத்தார். 1824 ஜனவரி 8-ந் தேதி ஒரேயொரு மறுப்பு வாக்குடன் தெரிவுசெய்யப்பட்டார். குருவே பகைத்த நிலையில் மாணாக்கர் எவ்வாறு நடத்தல் வேண்டுமென்பது எளிய வினாவன்று. உபாத்தியாயராகிய எமக்கு அது மறுபுறத்தாலும் சுடுகின்றது.

1835-ல் வேறொன்று நிகழ்ந்தது. அரசாங்க உபகாரச் சம்பளம் குறித்துப் பிரதம மந்திரி மெல்பேண் பிரபு அவரை அழைத்து, அறிஞர்க்கும் புலவர்க்கும் பணமளிக்கும் அவ்வழக்கமே வெறும் புரட்டு என்று இழிசொல் கலந்து பேசினார். பரடே அன்றே சில வரிகள் எழுதிச் சம்பளத்தை மறுத்துவிட்டார். பிறர் இடைநின்று சமாதானம் பேசியபோது, எழுத்தில் மன்னிப்பு வேண்டுமென்றார். பிரபு அவ்வாறே எழுதியபின்னரே ஆண்டுக்கு 300 பவுணை ஏற்றார். முன்னர் வேலைக்காரர்போல் நடத்தப்பட்டும் பொறுத்தவர் இதனையும் பொறுத்திருக்கலாமே எனச் சிலர் கூறுவர். யாம் அவ்வாறு கருதோம். யாத்திரையில் இகழப்பட்டவர் பரடே ஒருவரே. மந்திரி இகழ்ந்ததோ கற்றோர் அனைவரையும்.

டேவி 1829-ல் இறந்தார். குளோரின் வாயுவைத் திரவமாக்கிய பெருமை யாருடையது என்ற பழைய வழக்கை அவர் தம்பியார் 1836-ல் மீண்டும் கிளப்பினார். பரடே நிகழ்ந்தவற்றை விளக்கி அச்சில் விடையளித்தார். இறந்த குருவை இகழ்ந்தாரல்லர். அங்கத்தவரானபின் டேவியோடு முன்போற் கலந்துறவாட இயலவில்லை என்பதை அவர் மறைத்ததுமில்லை. 1867 ஆகஸ்ட் 25-ந் தேதி இறக்கும்வரை டேவியின் பெயரை மதிப்புடனேயே உரைத்துவந்தார்.