ஹென்றி பிடிங்டன்

ஹென்றி பிடிங்டன் (ஜனவரி 7, 1797 – ஏப்ரல் 7, 1858) கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேய மாலுமியும் புயல் ஆய்வாளரும் ஆவார். சுழன்று வீசும் பெரும்புயல்களைக் குறிக்கும் சைக்கிளோன் என்னும் சொல்லை ஆக்கியவர் இவரே. புயலோடு கரையேறும் கடல்நீரின் அழிவாற்றலை ஆவணங்களுடன் எடுத்துக்காட்டி, சுந்தரவனப் பகுதியில் துறைமுகம் அமைக்கும் அரசின் திட்டத்தை எதிர்த்தார். அவரது எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அது உண்மையாயிற்று.

வாழ்க்கை

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள அக்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். வணிகக் கப்பல்களில் சேர்ந்து இந்திய, சீனக் கடல்களில் பயணித்துக் கப்பல் தலைவராக உயர்ந்தார். பின்னர் கடல் வாழ்வை விட்டுக் கல்கத்தாவில் குடியேறி, பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும், கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். இந்தியத் தாவரங்களின் பெயர்களைத் தொகுத்து 1832 இல் ஒரு நூலும் வெளியிட்டுள்ளார்.

புயல் ஆய்வுகள்

அமெரிக்கரான வில்லியம் ரெட்ஃபீல்டு, புயற்காற்று நேர்கோட்டில் வீசாமல் ஒரு மையத்தைச் சுற்றி வீசுகிறது என்று காட்டியிருந்தார். ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் ரீடு 1838 இல் இக்கருத்தை விரிவாக்கி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலே பிடிங்டனை இத்துறைக்கு ஈர்த்தது எனலாம். 1839 சூனில் வங்காள விரிகுடாவில் வீசிய புயலைப் பற்றித் தம் முதல் ஆய்வுரையை எழுதினார். தொடர்ந்து வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகள் வெளிவந்தன. 1841 மே மாதத்தில் சென்னையைத் தாக்கிய புயலும் அவற்றுள் ஒன்றின் பொருளாகும்.

அவரிடம் சிறப்பான கருவிகள் எவையும் இருக்கவில்லை. புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைத் திரட்டினார். எந்த மணிக்கு எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றைக் கடல் வரைபடத்தில் குறித்தார். வெவ்வேறு இடங்களில் இருந்த கப்பல்களின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது புயலின் வட்டமும், அமைதியான அதன் மையமும், அம்மையம் நகர்ந்த வழியும் தெளிவாகின. 1845 இல் மொரிசியசு அருகே சார்லஸ் ஹெட்டில் என்ற கப்பல் காற்றின் போக்கிலேயே பல நாட்கள் ஓடிப் புயலின் மையத்தைப் பலமுறை சுற்றி வந்தது. புயல் சுழல்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

1848 இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கையேடு வெளியானது. சிறுவர்கள் எழுத்துப் பழகும் கொம்புத்தகடு பதித்த பலகையின் பெயரையே அந்நூலுக்கு வைத்தார். புயல் விதியின் அரிச்சுவடி அது என்பது கருத்து. அதனுடன் வட்டங்கள் வரைந்த ஒளி ஊடுருவும் தகடுகள் இரண்டு, பூமியின் அரைக்கோளத்துக்கு ஒன்றாக, இணைக்கப்பட்டிருந்தன. தகட்டை வரைபடத்தின்மேல் வைத்து, தம் கப்பலில் வீசும் காற்றின் திசையோடு பொருத்தினால் புயலின் மையம் எப்பக்கம் உள்ளது என்பதை மாலுமி அறியலாம். வங்காள விரிகுடாவில் காற்று இடஞ்சுழியாக வீசுவதால், காற்றை எதிர்நோக்கி நிற்பவருக்கு மையம் வலப்புறம் இருக்கும். காற்று உள்நோக்கி வளைந்து வீசுவதால் மையம் செங்கோணத்திலிருந்து சற்றுப் பின்தள்ளியே இருக்கும் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. எனினும் எத்திசையில் விலகிச் செல்வது என்று தவிக்கும் கப்பல் தலைவருக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

இக்கையேட்டில்தான் சைக்கிளோன் என்னும் சொல் முதன்முதலாக இடம்பெற்றது. வட்டம், பாம்பின் சுருள் ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்தார். முழு வட்டம் என்று அடித்துக் கூறாமல் சுழலும் தன்மையை மட்டும் குறிக்க இச்சொல் அவருக்கு ஏற்றதாக இருந்தது.

புயல் அலையும் கேனிங் துறைமுகமும்

கோதாவரி முகத்துவாரத்திலுள்ள கொரிங்கா என்ற துறைமுக ஊர் 1789 திசம்பரிலும் 1839 நவம்பரிலும் கடல் புகுந்து அழிந்தது. முதல் அழிவில் மூன்று பேரலைகள் அடுத்தடுத்து வந்ததையும், ஏறத்தாழ 20,000 பேர் மாண்டதையும் பிடிங்டன் பதிவு செய்துள்ளார். புயல் மையத்தின் குறைந்த அழுத்தத்தால் கடல் மட்டம் ஓரளவே உயரும். கரையை நோக்கிக் காற்று தள்ளும் நீரே புயல் அலையின் பெரும்பகுதியாகும். ஆழம் குறைந்து புனல்போல் குறுகும் விரிகுடாவின் வடமுனையில் இந்நீர் பரவ இடமின்றி உயர்கிறது. சுந்தரவனம் அம்முனையில்தான் அமைந்துள்ளது.

ஹூக்ளி ஆறு மணலால் தூர்ந்து கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுப் போகுமென அஞ்சிய அரசு, தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் மாற்றுத் துறைமுகம் அமைக்க முனைந்தது. 1853 இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு ஒரு கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். என்றாவது ஒரு நாள் அக்குடியிருப்பு முழுவதும் 5 முதல் 15 அடி உப்புநீரில் மூழ்கும் என்று அதில் எச்சரித்தார். அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. 1858 இல் அவர் கல்கத்தாவில் காலமானார். கேனிங் எனப் பெயரிடப்பட்ட துறைமுகத்துக்கு இரயில் பாதையும் போடப்பட்டது.

1867 நவம்பர் 1 அன்று புயல் தாக்கியது. அலையின் உயரம் ஏறத்தாழ 6 அடிதான். அவர் கணித்த எல்லையின் கீழ்ப்பகுதி. அதுவே போதுமானதாக இருந்தது. சரக்குக் கொட்டகைகள் அழிந்தன; நன்னீர்க் குளங்களில் உப்புநீர் கலந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. கேனிங் இன்று சுந்தரவனத்துக்குச் செல்வோர் இரயிலிலிருந்து இறங்கும் ஊராக விளங்குகிறது.

பிற்காலம்

1864 அக்டோபர் 5 இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர். இதன் பின்னரே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை 1865 இல் ஏற்படுத்தப்பட்டது. 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். பிடிங்டன் ஆக்கிய சொல் இந்தியப் பெருங்கடலிலும் தென் பசிபிக்கிலும் தோன்றும் புயல்களுக்கு வழங்குகிறது. அட்லாண்டிக்கில் இவை ஹரிக்கேன் எனவும், வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன் எனவும் அழைக்கப்படுகின்றன.