அசாம் காத்த கோபிநாத் போர்டோலாய்

பிரம்மபுத்திரா ஆறு பாய்ந்து வளம் சேர்க்கும் நிலம் அசாம். 1826ஆம் ஆண்டு யாந்தபோ உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாக ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. தொடக்கத்தில் வங்காள மாகாணத்தின் ஒரு பகுதியாகவே அது ஆளப்பட்டது. 1874இல் தனியே பிரிக்கப்பட்டு, முதன்மை ஆணையர் ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. அவ்வாண்டிலேயே வங்காள மொழி பேசும் சில்ஹெட் மாவட்டமும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது, அசாம் கிழக்கு வங்காளத்துடன் இணைக்கப்பட்டது. 1912இல் மீண்டும் தனி மாகாணமாயிற்று. சேர்த்தலும் பிரித்தலும் ஆட்சியாளரின் வசதிக்காகவே நிகழ்ந்தன. அங்கு வாழ்ந்த மக்களின் வாக்கு ஒருமுறையேனும் பெறப்படவில்லை. இந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் கோபிநாத் போர்டோலாய்.

இளமையும் கல்வியும்

கோபிநாத் 1890ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், நகாவ் மாவட்டத்தைச் சேர்ந்த ராஹா என்னும் ஊரில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். கௌகாத்தி காட்டன் கல்லூரியில் பயின்றபின், கல்கத்தா ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து 1911இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1914இல் வரலாற்றுப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அசாம் கிழக்கு வங்காளத்துடன் இணைந்ததும், பின்னர்ப் பிரிந்ததும் அவருடைய மாணவப் பருவத்திலேயே நிகழ்ந்தன. பின்னாளில் அவர் எடுத்த உறுதியான முடிவுக்குரிய பாடம் அவர் கண்முன்னேயே நடந்தது எனலாம்.

சட்டம் பயின்று 1917இல் கௌகாத்தியில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது அதில் ஈடுபட்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆட்சிப் பொறுப்பில்

1937இல் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டது. அசாமின் தலைநகராகிய ஷில்லாங்கில் முகமது சாதுல்லா முதல் அமைச்சரவையை அமைத்தார். 1938 செப்டம்பரில் அவ்வமைச்சரவை விலகவே, போர்டோலாய் பிறரையும் சேர்த்துக் கூட்டணி அரசு அமைத்தார். நிலவரியைக் குறைத்தல், அபின் பழக்கத்தை ஒழித்தல் ஆகிய பணிகளில் அவ்வரசு கருத்தைச் செலுத்தியது. இரண்டாம் உலகப்போரில் இந்தியரைக் கேளாமலே இந்தியா ஈடுபடுத்தப்பட்டபோது, காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. 1939 நவம்பரில் போர்டோலாயும் பதவி விலகினார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது மீண்டும் சிறை சென்றார். 1946 தேர்தலுக்குப் பின் மறுபடியும் அரசின் தலைமையை ஏற்றார்.

எழுபதில் பத்து

அவ்வாண்டு மே 16ஆம் நாள் அமைச்சரவைத் தூதுக்குழு தன் திட்டத்தை வெளியிட்டது. அத்திட்டம் மாகாணங்களை மூன்று தொகுதிகளாகப் பகுத்தது. வங்காளமும் அசாமும் ஒரே தொகுதியில் வைக்கப்பட்டன. அரசியல் நிர்ணய சபையில் வங்காளத்திற்கு 60 உறுப்பினர். அசாமிற்கு 10 உறுப்பினர். இந்த 70 பேரும் ஒன்றாக அமர்ந்து, அத்தொகுதியைச் சேர்ந்த மாகாணங்களின் அரசியலமைப்பை வகுக்க வேண்டும். பெரும்பான்மையே முடிவாகுமானால், தன் சொந்த அமைப்பைப் பற்றியே அசாம் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.

புதிய அமைப்பின்படி முதல் தேர்தல் நடந்தபின், விரும்பாத மாகாணம் தொகுதியை விட்டு விலகலாம் என்றும் திட்டம் கூறியது. ஆனால் அத்தேர்தலின் விதிகளை வகுக்கும் உரிமையும் அப்பெரும்பான்மையின் கையில் சென்றுவிடக்கூடும். உள்ளே நுழைந்தபின் வெளியேறும் வழி அடைபடலாம் என்பதைப் போர்டோலாய் உணர்ந்தார்.

1946 சூலை 16ஆம் நாள் அசாம் சட்டப்பேரவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அசாமின் அரசியலமைப்பை அசாமின் உறுப்பினரே வகுக்க வேண்டும் என்றும், அதற்காக அவர்கள் வேறு மாகாணத்தாருடன் சேர்ந்து அமரலாகாது என்றும் அது பணித்தது.

இந்நிலைப்பாடு எளிதானதன்று. திட்டத்தை மறுத்தால் விடுதலையே தள்ளிப்போகுமோ எனக் காங்கிரஸ் தலைவர்கள் சிலர் தயங்கினர். திசம்பர் மாதம் பிரித்தானிய அரசும், தொகுதியில் பெரும்பான்மை வாக்கே முடிவு என விளக்கம் தந்தது. தான் சார்ந்த இயக்கத்தின் மூத்தோரிடமே போர்டோலாய் வாதாட வேண்டியிருந்தது. அப்போது காந்தியடிகள் நவகாளியில் அமைதிப் பயணம் மேற்கொண்டிருந்தார். அசாமிலிருந்து சென்ற தூதர் இருவர் அவரைக் கண்டு கருத்துக் கேட்டனர். விருப்பமில்லாத தொகுதியில் அசாம் சேரவேண்டியதில்லை; காங்கிரசே வற்புறுத்தினாலும் உறுதியாக நிற்கவேண்டும் என அவர் அறிவுரை கூறினார். 1947 சனவரியில், எந்த மாகாணத்தையும் கட்டாயப்படுத்தலாகாது எனக் காங்கிரஸ் குழுவும் தெளிவுபடுத்தியது. சூன் 3ஆம் நாள் வெளியான புதிய திட்டத்தால் தொகுதி முறையே கைவிடப்பட்டது.

அவ்வாண்டு சூலையில் சில்ஹெட்டில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அம்மாவட்டத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்துடன் சேர்ந்தது. அசாம் இந்தியாவில் தங்கியது. பிரிவினையால் வீடிழந்து வந்தோர்க்கு வாழ்வளிக்கும் சுமையும் போர்டோலாயின் அரசைச் சேர்ந்தது.

மலைநாட்டார் உரிமை

பெரிய மாகாணத்திடம் தன் உரிமையைக் கேட்ட அசாம், தன்னினும் சிறிய இனத்தாரை எவ்வாறு நடத்தும் என்னும் வினாவும் எழுந்தது. வடகிழக்கு எல்லைப்புற மலைவாழ் மக்களின் நிலையை ஆராய, அரசியல் நிர்ணய சபை அமைத்த துணைக்குழுவுக்குப் போர்டோலாய் தலைவரானார். காசி இனத் தலைவர் நிக்கல்ஸ் ராய் அக்குழுவில் இடம்பெற்றார். குழுவினர் மலைப்பகுதிகளுக்குச் சென்று மக்களின் கருத்தைக் கேட்டனர். நிலம், காடு, வழக்கச் சட்டம் முதலியவற்றை அம்மக்களே பேண, தன்னாட்சி மாவட்டக் குழுக்கள் தேவை என அவர்கள் பரிந்துரைத்தனர். அதுவே அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைக்கு அடிப்படையாயிற்று. அவ்வேற்பாடு எல்லோரையும் நிறைவு செய்யவில்லை. நாகாலாந்து, மேகாலயம், மிசோரம் ஆகியவை பின்னர்த் தனி மாநிலங்களாயின. எனினும், கேட்டுப் பெற்ற உரிமையைப் பிறருக்கும் வழங்க முயன்ற நேர்மை போற்றத்தக்கது.

1948இல் கௌகாத்திப் பல்கலைக்கழகமும் உயர் நீதிமன்றமும் தொடங்கப்பெற்றன. உயர்கல்விக்காகக் கல்கத்தா சென்ற கோபிநாத்தின் ஆட்சிக்காலத்திலேயே அசாம் மாணவர்க்குச் சொந்த மண்ணில் பல்கலைக்கழகம் கிடைத்தது.

போர்டோலாய் 1950 ஆகஸ்ட் 5ஆம் நாள் மறைந்தார். மக்கள் அன்பைப் பெற்றவர் என்னும் பொருள்படும் ‘லோகப்பிரிய’ என்ற அடைமொழி அவர் பெயருடன் வழங்குகிறது. 1999இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. கௌகாத்தி வானூர்தி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எண்ணிக்கையில் சிறியோரும் தம் வாழ்வைத் தாமே முடிவு செய்யலாம் என்பதை அமைதியான வழியில் நிலைநாட்டியதே அவர் வாழ்வின் பயன்.

பயிற்சி

1. 1874 முதல் 1912 வரை அசாம் அடைந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. எழுபது உறுப்பினர் கொண்ட தொகுதியில் சேர அசாம் மறுத்தது ஏன்?
3. மலைவாழ் மக்களுக்குத் துணைக்குழு பரிந்துரைத்தது யாது?
4. பெரும்பான்மையின் முடிவு எப்போதும் நீதியாகுமா? இப்பாடத்தைக் கொண்டு விவாதிக்க.