கல்லில் மரம் கண்ட பேராசிரியர் பீர்பால் சாஹ்னி

நமது கல்லூரியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் வாழ்க்கையை நூற்றாண்டு மலரில் எழுதுவானேன் என்று சகோதரிகள் கேட்கலாம். பேராசிரியர் பீர்பால் சாஹ்னி பஞ்சாபில் பிறந்து லக்னோவில் மறைந்தவர். இந்திய உபகண்டத்தில் தொல்தாவரவியல் என்ற துறைக்கு வழி திறந்தவர். அந்நாளில் இந்தியாவுக்குச் சென்று தாவரவியல் கற்ற நமது மூத்த சகோதரிகள் சிலர், லோசனின் தாவரவியல் பாடநூலைத் திருத்தியமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரைக் கண்டிருக்கக்கூடும். ஆனால் நாம் அவரைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் வேறு. தாம் உருவாக்கிய நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டி ஒரு வாரம் ஆவதற்குள் அவர் காலமானார். அந்த நிறுவனமோ இன்றும் இயங்குகிறது. அது எவ்வாறு நிலைத்தது என்பது நூறு ஆண்டைக் கண்ட ஒரு கல்லூரியின் பிள்ளைகள் அறியவேண்டிய கதை.

சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ருச்சி ராம் சாஹ்னி லாகூர் அரசினர் கல்லூரியில் இரசாயனவியல் பேராசிரியர். சமூக சீர்திருத்தத்தில் பற்றுக்கொண்டவர். பின்னாளில் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, ஆங்கில அரசு தந்த பட்டத்தையும் துறந்தவர். லாகூரில் அவர்களுடைய வீடு அரசியல் கூட்டங்கள் நடக்கும் பிராட்லா மண்டபத்துக்கு அண்மையில் இருந்தது. மோதிலால் நேரு, கோகலே, சரோஜினி நாயுடு, நமது தஞ்சைத் தமிழரான சீனிவாச சாஸ்திரி ஆகியோர் அந்த வீட்டுக்கு விருந்தினராய் வந்தவர்கள். சிறுவன் பீர்பால் அரசியலைப் பத்திரிகையில் படித்து அறியவில்லை; வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்தான்.

மகன் இந்தியக் குடியியல் சேவையில் சேரவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அக்காலத்தில் ஓர் இந்திய இளைஞன் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அதுவே. தந்தையின் கட்டளையென்றால் போகிறேன், என் விருப்பத்தைக் கேட்டால் தாவரவியல் ஆராய்ச்சியே என்று மகன் சொல்லிவிட்டார். தந்தையார் வற்புறுத்தவில்லை. பிள்ளை டொக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று பெற்றோர் முடிவுசெய்யும் நமது சமூகத்தில், நூறு ஆண்டுக்கு முந்திய அந்த வீட்டு உரையாடலை நினைத்துப் பார்ப்பது நல்லது. டொக்டர்களான நாமே இதைச் சொல்கிறோம்.

1911இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் இமானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். தொல்தாவரவியலில் அந்நாளில் பேர்பெற்ற பேராசிரியர் சீவேட் அவருக்குக் குருவானார். 1915இல், இருபத்து மூன்று வயதில், சாஹ்னி ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். கிங்கோ என்னும் பழமையான மரத்தின் சூல்வித்துக்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அவற்றுள் வேறு தாவரங்களின் மகரந்தமணிகள் வந்து தங்கியிருப்பதைக் கண்டார். காற்றில் வந்த அந்நிய மகரந்தம் அது. உயிருள்ள மரத்திலேயே இப்படி நடக்குமானால், கல்லாகிப்போன வித்தொன்றுக்குள் மகரந்தத்தைக் கண்டவுடன் இரண்டும் ஒரே தாவரத்தினுடையவை என்று முடிவுகட்டலாமா? கூடாது என்று அந்த இளைஞர் எச்சரித்தார். அருகருகே இருப்பதெல்லாம் உறவாகிவிடாது. நோயாளியின் உடலில் கண்ட கிருமி எதுவும் அந்நோய்க்குக் காரணமாகவே இருக்கும் என்று எண்ணக்கூடாது என மருத்துவ மாணவருக்குச் சொல்லித்தரும் அதே பாடந்தான் இது.

1919இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்துடன் நாடு திரும்பினார். 1920இல் சாவித்திரி அம்மையாரைக் கரம்பிடித்தார். 1921இல் புதிதாகத் தொடங்கிய லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியலின் முதற் பேராசிரியரானார். இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். தேசிய இயக்கத்தில் பற்றுக்கொண்டு கதர் உடுத்தினார். ஆனால் மேடை அரசியலுக்குப் போகவில்லை. வெளிநாட்டவர் வந்து எடுத்துச் சென்று தங்கள் நூதனசாலைகளில் வைத்து ஆராயும் கற்களை, நம் நாட்டுப் பிள்ளைகளே நம் நாட்டில் ஆராயவேண்டும் என்பதே அவர் செய்த அரசியல் என்று சொல்லலாம்.

உயிர்ச்சுவடு என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த உயிர் கல்லில் விட்டுச்சென்ற அடையாளம். கல்லாகிப்போன மரத்துண்டை வாளால் மெல்லிய சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்தால் அதன் கலங்கள் தெரியும். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த இழையத்துண்டை ஆய்வுகூடத்தில் சீவிப் பார்ப்பது போன்றதுதான். ஒரு வேறுபாடு உண்டு. இழையம் இன்றைய மனிதருடையது. கல்லோ பத்துக் கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. கல்லை அறுத்துத் தேய்க்கும் அந்தப் பொறுமையான வேலையைச் சாஹ்னி தம் கையாலேயே செய்துவந்தார்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ராஜ்மகால் குன்றுகள் அவருக்குப் பெருங் களஞ்சியமாக அமைந்தன. அங்கே தண்டு ஓரிடத்திலும் இலை வேறோரிடத்திலும் பூப்போன்ற உறுப்பு இன்னோரிடத்திலுமாகக் கிடைத்தன. அவை ஒரே தாவரத்தின் பகுதிகள் என்பதைப் படிப்படியாக நிறுவி, முழுத் தாவரத்தின் உருவத்தை 1932இல் வெளியிட்டார். அதற்கு வில்லியம்சோனியா சீவேடியானா என்று குருவின் பெயரையே சூட்டினார். 1948இல், அறியப்பட்ட எந்தக் குடும்பத்திலும் அடங்காத ஒரு தாவரக் கூட்டத்தை விவரித்துப் பென்ரொக்சிலியே என்று பெயரிட்டார். தண்டினுள் பெரும்பாலும் ஐந்து மரக்கட்டைப் பகுதிகள் இருந்ததால் வந்த பெயர் அது.

இதில் நமது நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவ என்னும் இடத்தில் யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் கிடைத்தன. அவற்றை 1922இல் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் சாஹ்னியின் குருவான அதே சீவேட். இந்தியாவும் இலங்கையும் கொண்டுவானா என்ற பெருநிலத்தின் துண்டுகள் என்பதற்கு அந்த இலைகள் சாட்சி. நமது தீவகத்தின் பாறை அவ்வளவு பழையதன்று. நாம் கிணறு வெட்டும்போது உடைக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலின் அடியில் படிந்தது. எனினும் சிப்பியும் சங்கும் பதிந்த கல்லைக் கண்டு வளர்ந்த நமக்கு, நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன நமக்கு, உயிர் கல்லாகும் என்பது அந்நியமான செய்தி அல்ல.

சாஹ்னியின் ஆர்வம் ஒரு துறையோடு நிற்கவில்லை. சித்தாரும் வயலினும் வாசிப்பார். களிமண்ணில் உருவங்கள் செய்வார். சதுரங்கமும் ரெனிசும் ஆடுவார். 1936இல் ரோத்தக் நகருக்கு அருகேயுள்ள கோக்ரா கோட் மேட்டில் சுடுமண் துண்டுகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். அவை பழங்கால யௌதேயர் நாணயம் வார்த்த அச்சுக்கள். கல்லாகிய தாவரத்தை ஆராயும் அதே நுணுக்கத்தோடு அவற்றை ஆராய்ந்து, பண்டைய இந்தியாவில் நாணயம் வார்த்த முறைபற்றி 1945இல் ஒரு நூல் வெளியிட்டார். நாணயவியலாளர் அதற்குப் பதக்கம் வழங்கிப் பாராட்டினர்.

எல்லா வழக்கிலும் அவர் வென்றவர் அல்லர். பஞ்சாப் உப்புமலையின் உப்புப் படிவுக்கு வயது என்ன என்பதில் அறிஞரிடையே பெரும் விவாதம் நடந்தது. உப்பினுள் கண்ட நுண்ணிய தாவரத் துணுக்குகளைக் காட்டி, அது ஒப்பீட்டளவில் பிந்திய இயோசீன் காலத்தது என்று சாஹ்னி வாதிட்டார். அத்துணுக்குகள் பின்னர் உட்புகுந்தவையாக இருக்கலாம் என்றனர் மறுத்தவர்கள். இன்று புவியியலாளர் அந்த உப்பை ஐம்பது கோடி ஆண்டுக்கும் முற்பட்டதாகவே கொள்கின்றனர். அந்நிய மகரந்தத்தைப் பற்றி இளமையில் எச்சரித்தவருக்கே முதுமையில் அதே பொறி காத்திருந்தது. இதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை. தம் சான்றைப் பகிரங்கமாக முன்வைத்து, எதிர்த்தரப்பாரையும் சோதிக்க அழைத்து வாதிட்டதால்தான் அறிவியல் அந்த வழக்கைத் தீர்க்க முடிந்தது.

1929இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு எஸ்சி.டி. பட்டம் வழங்கியது, 1936இல் இலண்டன் றோயல் கழகம் உறுப்பினராக ஏற்றது. 1940இல் சென்னையில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டுக்கு அவரே தலைவர். ஆனால் அவர் மனத்தில் இருந்தது பதவி அல்ல, தொல்தாவரவியலுக்கென்று தனி நிறுவனம். 1946இல் தொல்தாவரவியற் கழகத்தை அமைத்து, நிறுவனத்தைப் பல்கலைக்கழக அறைகளிலேயே தொடங்கினார். கணவனும் மனைவியும் தங்கள் சேமிப்பு, நூல்கள், சேகரித்த சுவடுகள் யாவற்றையும் அதற்கு எழுதிவைத்தனர். அடுத்த ஆண்டு நாடு பிரிந்தது. பிறந்த பேராவும் வளர்ந்த லாகூரும் எல்லைக்கு அப்பால் போயின. பிறந்த ஊர் இருந்தும் போகமுடியாத நிலை என்னவென்று நம்மில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை.

1949 ஏப்ரல் 3ஆம் திகதி பிரதமர் நேரு லக்னோவில் அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லைச் சாஹ்னியே வடிவமைத்திருந்தார். பல நாடுகளின், பல காலங்களின் உயிர்ச்சுவடுகள் அதில் பதிக்கப்பட்டிருந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி இரவு மாரடைப்பு வந்தது. நள்ளிரவைக் கடந்து உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தேழு.

நிறுவனம் அத்தோடு முடிந்திருக்கலாம். கட்டடம் எழவில்லை, நிதி போதாது, வழிநடத்தத் தலைவர் இல்லை. பிள்ளைகளும் இல்லாத சாவித்திரி அம்மையார் அந்தப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அவர் ஆய்வாளர் அல்லர். கணவரோடு களப்பயணங்கள் சென்று, அந்த வேலையின் அருமையை அருகிலிருந்து அறிந்தவர். நிறுவனத்தை வளர்த்துவிடு என்பதே கணவர் இறுதியாக அவரிடம் கேட்டுக்கொண்டது என்பர். கழகத்தின் தலைவராக அமர்ந்து அரசிடம் நிதி கேட்டார். வெளிநாட்டு அறிஞரை வரவழைத்தார். யுனெஸ்கோவின் உதவியோடு நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹோக் இயக்குநராக வந்தார். 1953 சனவரியில் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க நேரு மீண்டும் வந்தார். நான்கு ஆண்டுக்கு முன் கல் நாட்டிய அதே இடத்துக்கு. 1969வரை அம்மையார் அப்பொறுப்பில் இருந்தார். அவ்வாண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1985இல் காலமானார். நிறுவனம் இன்று பீர்பால் சாஹ்னியின் பெயரையே தாங்கி நிற்கிறது. சாவித்திரியின் இருபது ஆண்டு உழைப்பு அதன் சுவர்களுக்குள் இருக்கிறது.

நமது கல்லூரிக்கும் நிறுவியவர்கள் உண்டு. அவர்களுடைய படங்கள் மண்டபத்தில் மாலையோடு தொங்குகின்றன. ஆனால் நூறு ஆண்டுகள் எப்படிக் கடந்தன? 1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்கள் சிறுமிகள். வேறொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேர வகுப்பாகக் கல்லூரி நடந்தது. அதற்குக் கூரையோ காணியோ இருக்கவில்லை. சேர்விடாப்பைச் சீலைப்பையில் சுற்றிக் கடல்நீரேரிக்கு அப்பால் கொண்டுவந்து சேர்த்த ஆசிரியைகள் இருந்தனர். கல்லூரி அவர்களோடு இருந்தது. அவர்களுக்குப் படமும் இல்லை, மாலையும் இல்லை.

இன்று தீவகத்தில் பிள்ளைகள் குறைவு. நம்மில் பாதிப்பேர் கடல்கடந்து வாழ்கிறோம். நூற்றாண்டுக்கு மண்டபம் கட்டக் காசு அனுப்புகிறோம், அது நல்லதே. கட்டிய மண்டபத்தில் பிள்ளைகள் இருக்கவேண்டும், ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருக்க ஓர் ஆசிரியை இருக்கவேண்டும், பழைய இடாப்புகளைக் கறையானிடமிருந்து காக்க ஒருவர் வேண்டும். வேலணையிலோ நயினாதீவிலோ ஒரு பிள்ளை தான் தாவரவியலே படிக்கப்போகிறேன் என்றால், அதற்கு வழிகாட்ட நம்மில் ஒருத்தி தொலைபேசியின் மறுமுனையில் இருக்கவேண்டும். அடிக்கல் நாட்டுவதற்கு ஒரு நாள் போதும். அதற்கு மறுநாளிலிருந்து வேண்டியவர்கள் சாவித்திரிகள். அடுத்த நூறு ஆண்டுக்கான அந்தப் பெயர்கள் நமது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இப்போதே இருக்கின்றன என்று நம்புகிறோம்.