வல்லம் தந்த எண்ணறிஞர்

சிறு குழந்தைக்கு எண்ணக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் படம் வரைகிறார். இரண்டு மாம்பழங்கள், அருகில் மூன்று மாம்பழங்கள், சேர்த்து எண்ணினால் ஐந்து. நாளடைவில் பழங்கள் இருந்த இடத்தில் புள்ளிகள் வருகின்றன. புள்ளிகள் இருந்த இடத்தில் எண்கள் வருகின்றன. குழந்தை கூட்டலைக் கற்றுக்கொள்கிறது. அந்த எளிய கூட்டலுக்குள்ளே, உலகக் கணித அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிய வினா ஒன்று மறைந்திருந்தது. அவ்விடையின் பெரும்பகுதியைக் கண்டவர்களுள் ஒருவர், குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லம் என்னும் சிற்றூரில் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை ஆவார்.

இளமையும் கல்வியும்

சிவசங்கரநாராயண பிள்ளை 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பிறந்த ஓராண்டில் தாயை இழந்தார். தந்தையும் முதிய உறவினர் ஒருவரும் அவரை வளர்த்தனர். அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த செங்கோட்டையில் பள்ளிக் கல்வி பயின்றார். பள்ளிப் படிப்பு முடியுமுன்னே தந்தையும் மறைந்தார். அவருடைய கல்வி அத்துடன் நின்றிருக்கக்கூடும். மாணவரின் அறிவுத்திறனை முன்பே அறிந்திருந்த சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார்.

பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களின் வழிகாட்டுதலைப் பெற்றார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவருடைய சிறந்த ஆய்வுகள் பலவும் சிதம்பரத்தில் வாழ்ந்த அக்காலத்தில் உருவானவையே.

புள்ளிகள் எழுப்பிய வினா

நான்கு புள்ளிகளை வரிசைக்கு இரண்டாக அடுக்கினால் ஒரு சதுரம் கிடைக்கும். ஒன்பது புள்ளிகளை வரிசைக்கு மூன்றாக அடுக்கினால் அடுத்த சதுரம் கிடைக்கும். 1, 4, 9, 16 என வளரும் இவ்வெண்கள் வர்க்க எண்கள் எனப்படும். இவற்றை மட்டும் கூட்டிப் பிற எண்களை அடைய முடியுமா? 6 என்பது 4, 1, 1 ஆகியவற்றின் கூடுதல். 7ஐ அடைய 4, 1, 1, 1 என நான்கு எண்கள் வேண்டும். எவ்வளவு பெரிய எண்ணாயினும் நான்கு வர்க்க எண்களுக்கு மேல் தேவைப்படாது என்பதை 1770இல் லெக்ராஞ்சி நிறுவினார்.

அதே ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் வாரிங், கன எண்களுக்கு ஒன்பது போதும் என்றும், நான்காம் அடுக்கு எண்களுக்குப் பத்தொன்பது போதும் என்றும் நிறுவாமலே எழுதிவைத்தார். 23 என்னும் எண்ணைக் கன எண்களால் அடைய இரண்டு 8களும் ஏழு 1களும், ஆக ஒன்பது எண்கள், தேவைப்படுவதைக் கூட்டிப் பார்த்தாலே அறியலாம். ஒவ்வோர் அடுக்கிற்கும் இத்தகைய ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் மெய்ப்பித்தார். ஆனால், அந்த எல்லை எது என்பது பெரும்பாலான அடுக்குகளுக்கு விளங்காமலே இருந்தது.

73 என்னும் விடை

1930களின் நடுவில், ஏழாம் அடுக்கு முதலான அடுக்குகளுக்கு எல்லையைக் காணும் வழியைப் பிள்ளை வகுத்தார். அதே காலத்தில் அமெரிக்க அறிஞர் டிக்சனும் தனித்து ஆராய்ந்து இம்முடிவை எட்டினார். ஆறாம் அடுக்கு மட்டும் எளிதில் வசப்படவில்லை. 1940இல் பிள்ளை அதற்கும் விடை கண்டார். அவ்விடை 73.

703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்றின் ஆறாம் அடுக்கு 729. அது 703ஐ விடப் பெரியது. ஆகவே, இரண்டின் ஆறாம் அடுக்காகிய 64ஐயும் 1ஐயும் மட்டுமே பயன்படுத்த இயலும். 64ஐப் பத்து முறை கூட்டினால் 640. எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று 1கள். ஆக, 73 எண்கள் தேவை. இதுவரை பள்ளி மாணவரும் கணக்கிடலாம். ஆனால், 703க்கு அப்பால் முடிவின்றி விரியும் எண்களுள் எந்த ஒன்றுக்கும் எழுபத்து நான்காவது எண் தேவைப்படாது என்பதை எண்ணி முடிக்க இயலாது. அறிவினால் நிறுவ வேண்டும். அதைச் செய்து காட்டியதே பிள்ளையின் சாதனை. எஞ்சியிருந்த ஐந்தாம் அடுக்கிற்கு 1964இலும், நான்காம் அடுக்கிற்கு 1986இலுமே விடை கிடைத்தது என்பது இப்பணியின் அருமையை உணர்த்தும்.

முடிவுறாப் பயணம்

பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பிள்ளை பணியாற்றினார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய அவரை அழைத்தது. ஹார்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித அறிஞர் மாநாட்டிலும் கலந்துகொள்ள எண்ணி அவர் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31 அன்று, மாநாடு தொடங்கிய மறுநாள், அவர் சென்ற விமானம் கெய்ரோ நகருக்கு அருகே வீழ்ந்து நொறுங்கியது. பயணம் செய்த 55 பேரும் உயிரிழந்தனர். அப்போது அவருக்கு வயது 49.

அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் தொகுக்கப்பெற்று 2010இல் வெளிவந்தன. முழு அடுக்கு எண்களுக்கு இடையிலான வேறுபாடு குறித்து அவர் கூறிச்சென்ற கருத்து இன்னும் நிறுவப்படாமல், பிள்ளையின் ஊகம் என்னும் பெயரால் அறிஞர்களிடையே வழங்கி வருகிறது. தந்தையை இழந்த மாணவருக்குச் செங்கோட்டையில் ஓர் ஆசிரியர் அன்று செய்த உதவியின் பயனைக் கணித உலகம் இன்றும் பெற்று வருகிறது.