பட்டம் பெறாத காயிதே மில்லத்

ஆரணியில் தறியிலும் பட்டுக்கடையிலும் உழைக்கும் வாலிபர் சிலர், கல்லூரிப் பட்டம் இல்லையே என்று எம்மிடம் மனம் வெதும்புவதுண்டு. அவர்களுக்காகவே காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்களின் இளமையை நினைவுகூர்கிறோம்.

1896 ஜூன் 5-இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அன்னார், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார்கள். திருச்சியிலும் சென்னையிலும் பயின்று பி.ஏ. தேர்வை நெருங்கிய வேளையில், 1920-இல், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுத் தேர்வெழுதாமலே வெளியேறினார்கள். (படிப்பில் சலித்து விலகியோர் இதனை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்!)

பிழைப்புக்கு வழி வேண்டுமே! சென்னையில் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் தோல் வணிகத்தில் சேர்ந்தார்கள். ஆம்பூரையும் வாணியம்பாடியையும் அறிந்த நமக்குத் தோல் மண்டியின் வாடையைச் சொல்லத் தேவையில்லை. அன்னார் அதனை இழிவெனக் கருதவில்லை. தொழிலைக் கற்றுத் தேர்ந்து, வணிகப் பெருமக்களின் நம்பிக்கைக்கு உரியவரானார்கள். ஹலாலான அந்த வருவாயே பொதுவாழ்வில் அன்னாரை எவரிடமும் கையேந்தாதிருக்கச் செய்தது என்பது எமது கருத்து.

பின்னர், சட்ட மேதைகள் நிறைந்த அரசியல் நிர்ணய சபையில், தமிழுக்கு ஆட்சிமொழியாகும் தகுதி உண்டென வாதிட்டவர்கள் இந்தப் பட்டம் பெறாத வணிகரே. 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரி மக்கள் அன்னாரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1972 ஏப்ரல் 5-இல் வஃபாத்தான அன்னார், சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள்.