குறி தவறாத ஆசாத்

1921-ம் ஆண்டின் கடைசி. காசி நகரத்து நீதிமன்றத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் நின்றான். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் கலந்துகொண்டான் என்பது குற்றச்சாட்டு. பெயர் கேட்டார்கள். ஆசாத் என்றான். விடுதலை பெற்றவன் என்று அதற்குப் பொருள்.

15 பிரம்படி கிடைத்தது. முதுகுத் தோல் உரிந்தது. பையன் அழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தேச முழக்கம் செய்தான்.

அந்தப் பையன்தான் சந்திரசேகர ஆசாத்!

வில் பிடித்த கை

ஆசாத் 1906-ல் பிறந்தார். ஊர், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள பாப்ரா. அது பில் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. அவர்களுடைய பிள்ளைகளோடு சேர்ந்து சிறு வயதிலேயே வில் பழகினார். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும் வித்தை அங்கேயே வந்துவிட்டது.

பிறகு புரட்சிக் கூட்டத்தில் சேர்ந்தார். 1925-ல் நடந்த காக்கோரி ரெயில் கொள்ளையில் பங்கு கொண்டார். தோழர்கள் பலர் பிடிபட்டார்கள். ஆசாத் சிக்கவில்லை. ஜான்சிக்கு அருகே ஓர்ச்சா காட்டில் சாமியார் வேடத்தில் தங்கினார். அங்கே துப்பாக்கி சுடப் பழகினார், தோழர்களுக்கும் பழக்கினார்.

வெடிகுண்டை அந்தக் கூட்டத்தினர் தாங்களே செய்தார்கள். 1929-ல் ஆக்ராவில் வீடு பிடித்து, ஜதீந்திரநாத் தாஸிடம் அதைக் கற்றார்கள். துப்பாக்கித் தோட்டா அப்படி அல்ல. ரகசியமாக வாங்க வேண்டும். ஆகவே ஒரு தோட்டாகூட வீணாகக் கூடாது.

நண்பன் உயிர் தப்பியது

1928 டிசம்பர் 17. லாகூர் நகரம். லாலா லஜபதிராய் தடியடி பட்டு, பின்னர் இறந்ததற்குப் பழி வாங்க, பகத்சிங்கும் ராஜகுருவும் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்டுவிட்டு ஓடினார்கள். சனன்சிங் என்ற ஏட்டு துரத்தினார். பகத்சிங்கை எட்டிப் பிடிக்கும் நிலை!

தூரத்தில் காவல் நின்ற ஆசாத் பார்த்தார். இருவரும் ஓடுகிறார்கள். குறி சிறிது பிசகினாலும் குண்டு நண்பன் மேல் பாயும். சுடாவிட்டால் நண்பனுக்குத் தூக்குமேடை.

சுட்டார். ஏட்டு விழுந்தார். பகத்சிங் தப்பினார்.

அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒரு நொடிக்காகக் கை பல ஆண்டு பழகியிருந்தது. விழுந்தவரும் இந்த நாட்டு மனிதர்தான் என்பது அந்த வெற்றியில் கலந்த துயரம்.

கடைசித் தோட்டா

1931 பிப்ரவரி 27. அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் ஆசாத்தும் தோழர் சுகதேவ்ராஜும் இருந்தார்கள். போலீஸ் சூழ்ந்தது. ஆசாத்தின் தொடையில் குண்டு பாய்ந்தது. மரத்தின் மறைவில் நின்று திருப்பிச் சுட்டார். போலீஸ் அதிகாரி நாட்-போவரின் கையில் ஒரு குண்டு. இன்ஸ்பெக்டர் விசுவேசுவரசிங்கின் தாடையில் ஒரு குண்டு!

அந்த இடைவேளையில் தோழரைத் தப்பிப் போகச் செய்தார். தாம் தனியே நின்று போராடினார். தோட்டா தீர்ந்துகொண்டே வந்தது. உயிரோடு பிடிபடுவதில்லை என்பது அவருடைய சபதம். கடைசித் தோட்டாவால் தம்மையே சுட்டுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அப்போது அவருக்கு வயது 24.

அந்தப் பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய கோல்ட் துப்பாக்கியும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.