கால்வாய் கடந்த காரிகை

கடலோரத்தில் வாழும் நம்மில் நீந்தத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர்? எங்கள் தலத்தெருவில் ஆண்பிள்ளைகள் குளத்தில் குட்டிக்கரணம் போடுவார்கள். பெண்பிள்ளை சற்று வளர்ந்துவிட்டால் படிக்கட்டோடு நின்றுவிட வேண்டும். நானும் அப்படி நின்றவள்தான். அதனாலேயே ஆரத்தி சாகாவின் வரலாறு என்னைப் பெரிதும் ஈர்த்தது.

கல்கத்தாவில் 1940 செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தவர் அவர். இரண்டரை வயதில் தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். நான்கு வயதில் படித்துறைக்குக் குளிக்கச் சென்ற குழந்தைக்குத் தண்ணீர் தாயானது. மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை நீச்சல் கழகத்தில் சேர்த்துவிட்டார். எத்தனை தந்தையர் இதைச் செய்வார்கள்? ஐந்து வயதிலேயே 110 கெஜப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் தங்கம் தேடித்தந்த சச்சின் நாக் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 11. நம் ஊரில் ஆறாம் வகுப்பில் படிக்கும் வயது! முதல் சுற்றோடு திரும்பினார் என்றாலும், அந்த வயதில் அங்கே போய் நின்றதே பெரிதல்லவா?

அவர் புகழ் நிலைத்தது ஆங்கிலக் கால்வாயில்தான். 1958-இல் மிகிர் சென் அதைக் கடந்து முதல் இந்தியரானார். அதே ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானின் பிரஜன் தாசும் கடந்தார். ஆரத்தியின் பெயரைப் போட்டிக் குழுவினரிடம் எடுத்துச் சொன்னவர் இவரே. ஆசை இருந்தது, பணம் இல்லை. மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராய் 11,000 ரூபாய் வழங்கினார்.

1959 ஆகஸ்டு 27-இல் முதல் முயற்சி. புறப்பட்டது பிரான்சின் கிரிநே முனையிலிருந்து (1954 வரை நம் காரைக்காலை ஆண்டார்களே, அதே பிரெஞ்சுக்காரரின் கரை). வழிகாட்டும் படகு வரத் தாமதமாகி 40 நிமிடங்கள் வீணாயின. கடலில் நேரம் தவறினால் நீரோட்டம் மாறிவிடும் என்பதை நம் மீனவரிடம் கேட்டால் சொல்வார்கள். இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவில் எதிரோட்டம் மறித்தது. பல மணி நேரம் போராடியும் முன்னேற முடியவில்லை. படகோட்டியின் வற்புறுத்தலால் கைவிட்டார்.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவரோ அங்கேயே தங்கிப் பயிற்சி செய்தார். படகைத் தொட்டாலே தகுதி போய்விடும் என்பது விதி; களைத்தால் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. செப்டம்பர் 29-இல் மீண்டும் குளிர்நீரில் இறங்கினார். நேர்க்கோட்டில் சுமார் 21 மைல்தான். நீரோட்டம் இழுத்த இழுப்பில் 42 மைல் ஆயிற்று. 16 மணி 20 நிமிடங்களில் சாண்ட்கேட் கரையேறி மூவர்ணக் கொடியை ஏற்றினார். ஆசியப் பெண்களில் முதல்வர்! பத்தொன்பது வயது நிரம்பி ஐந்தே நாட்கள் ஆகியிருந்தன.

1960-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முயற்சிக்குத் துணைநின்ற மருத்துவர் அருண் குப்தாவையே மணந்து, ரயில்வேயில் பணியாற்றினார். 1994 ஆகஸ்டு 23-இல் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று, வயது 53தான்.

அவருக்குப் பின் அதே வங்கத்திலிருந்து புலா சௌத்ரி வந்தார். 1989-இல் அந்தக் கால்வாயை நீந்திய அவர், 2004-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நம் பாக் நீரிணையையும் நீந்திக் கடந்தார்.